விளம்பரம் வராத இடைவேளை

மணிக்கட்டுச் சுளுக்கு இறங்கியபாடில்லை. போன வாரம் மொட்டைமாடிக் கதவோடு மல்லுக்கு நின்று வாங்கிக்கொண்ட சுளுக்கு. மாமியார் மருமகளைச் சோபாவில் உட்காரவைத்து, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை இங்கே, கண் டிவியில்.

டிவியில் ஒரு பழைய குடும்பத் தொடர். மூத்த மருமகள் அப்போதுதான் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிவதற்குள் திரையில் ஒரு பற்பசை வந்து பல்லைக் காட்டியது.

"வந்துட்டான் பாரு, பூஜை வேளையில கரடி மாதிரி. இந்த விளம்பரத்தைப் போடுறவன் மணிக்கட்டு சுளுக்கிக்க."

பல மாதங்களாக விட்டுவரும் அதே சாபத்தை மனமார விட்டுவிட்டு, மாமியார் மடியில் கிடந்த மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வலி பாதி, சிரிப்பு பாதி.

அந்த விளம்பரத்தைப் போட்டது அவள்தானே.

ஆபீஸில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். அவள் வேலை பார்க்கிற கம்பெனி இலவச சானல்கள் நடத்துகிறது. மாதச் சந்தா கிடையாது, செட்டாப் பெட்டி கிடையாது. டிவியில் நெட் இருந்தால் போதும், சானல்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றில் சமையல், ஒன்றில் பழைய மல்யுத்தம், ஒன்றில் நாள் முழுக்கக் குடும்பத் தொடர்கள். பார்க்கிறவர்கள் காசு தரமாட்டார்கள். நடுவில் வரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த விளம்பரம்தான் கம்பெனிக்குச் சோறு. தொடரை எந்த இடத்தில் வெட்டி விளம்பரத்தைச் சொருகுவது என்று தீர்மானிப்பவள் கத்தரி.

கேட்க எளிதாக இருக்கும். தொடரில் அழுகிறவளின் கண்ணீர் கண்ணில் நிற்கும்போது வெட்டினால் பார்க்கிற ஆள் சானலை மாற்றிவிடுவார். கன்னத்தில் இறங்கிய பிறகு வெட்டினால் காத்திருப்பார். இந்தப் பாடத்தைக் கத்தரி கற்றுக்கொண்டது எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லை, இந்தச் சோபாவில்தான். விளம்பரம் வரும்போது மாமியார் அடுப்பைப் பார்க்க எழுந்தால் அது நல்ல வெட்டு. ரிமோட்டைத் தேடினால் கெட்ட வெட்டு. சாபம் இரண்டுக்கும் உண்டு.

பெண் பார்க்க வந்தபோது, "டிவி கம்பெனியில தொடர்களைப் பார்த்து ஒழுங்குபடுத்துற வேலை" என்று தரகர் பூசி மெழுகியிருந்தார். மாமியார் அதை இழுத்து நீட்டி, எந்தத் தொடரை எப்போது போடுவது என்பதே தன் மருமகள் கையில்தான் இருக்கிறது என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நல்ல தொடர் வந்தால் அது மருமகளின் சாமர்த்தியம். நடுவில் விளம்பரம் வந்தால் அது வேறு எவனோ ஒரு படுபாவியின் வேலை. திருத்திச் சொல்லக் கத்தரிக்கு நேரம் வாய்த்ததே இல்லை. தைரியம் வாய்க்கவில்லை என்றும் சொல்லலாம்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் வேலைக்குக் கிளம்பி, கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி வந்தான். "அம்மா, அந்த ஆளுக்கு ஏற்கெனவே சுளுக்கிடுச்சாம். விட்டுடுங்க, பாவம்" என்றான். கத்தரி அவன் காலை மிதித்தாள்.

"உனக்கு என்னடா தெரியும். நீ காலையில போனா விளக்கு வச்சப்புறம் வர்ற. கூடப் பிறந்ததுன்னு ஒரு பூனைக்குட்டி கூட இல்லாதவ நான். பகல் பூரா எனக்குத் துணை இந்த டிவிதான். அதையும் ஒருத்தன் துண்டு போட்டா வயிறு எரியாதா?"

சொல்லிக்கொண்டே மாமியார் மருமகளைத் திருப்பி உட்காரவைத்துத் தலையைப் பின்னத் தொடங்கினாள். கை சுளுக்கிய நாளிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. அம்மாவைச் சின்ன வயதிலேயே இழந்து, விடுதிகளில் வளர்ந்த கத்தரி தன் தலையைத் தானே பின்னிப் பழகியவள். இன்னொருவர் விரல் உச்சி வகிடெடுக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும் என்பதே அவளுக்கு இந்தச் சில நாட்களாகத்தான் தெரியும். சுளுக்கு கொஞ்சம் மெதுவாகவே சரியாகட்டும் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை. நாமும் சொல்லவேண்டாம்.

*

ஆபீஸில் கிராஃப் சார் அவளுக்காகக் காத்திருந்தார். எதைப் பேசினாலும் திரையில் ஒரு கோட்டைக் காட்டிப் பேசுவார், அதனால் அந்தப் பெயர். வீட்டிலும் மனைவியின் கோபத்தைக் கோடு போட்டு வைத்திருப்பார் என்று ஆபீஸில் பேச்சு.

குடும்பத் தொடர் சானலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைத்தான் அந்தக் கோடு காட்டும். எல்லா இடைவேளைக்கும் விளம்பரம் விற்காது. விற்காத இடைவேளையில், 'சற்று நேரத்தில் தொடரும்' என்று ஓர் அட்டையும், நின்றுபோன லிஃப்டில் கேட்பது போன்ற ஓர் இசையும் வரும். அந்த இடத்தில் கோடு கிணற்றில் போட்ட கல்லாக விழும். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். மேலிடம் இந்தச் சானலை மூடிவிடலாமா என்று யோசிப்பதே இதனால்தான்.

நேற்று மாலையிலிருந்து கோடு விழவில்லை. மேஜை மாதிரி நேராக நின்றது. கிராஃப் சார் அந்த இடத்தில் சானலில் என்ன ஓடியது என்பதைப் போட்டுக் காட்டினார்.

கத்தரி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

திரையில் இரண்டு கைகள். முகம் இல்லை, பேச்சு இல்லை. சோபாவில் குவிந்து கிடந்த துவைத்த துணிகளிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்து, உதறி, மூன்றாக மடித்து, ஓரத்தை உள்ளே சொருகி, புறங்கையால் ஒரு தடவு தடவி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த துணிக்குப் போயின. ஜன்னல் வெளிச்சம். எங்கோ ஒரு குக்கர். அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். சுளுக்கிய கையோடு வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது, வெட்டிய இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அந்த இடைவேளையில் ஏதாவது ஒன்றைத் தற்காலிகமாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்தில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கத்தரி இடது கையால் போனைப் பிடித்து அந்தக் கைகளை மட்டும் எடுத்து, அந்த இடத்தில் வைத்தாள். பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டு வைக்கிற மாதிரி. வேலை முடிந்ததும் துண்டை எடுக்க மறந்துவிட்டாள். விளம்பரம் வராத இடைவேளைகளில் எல்லாம், இடம் பிடித்து வைத்திருந்த துண்டே ஏறி உட்கார்ந்துகொண்டது. மெஷினுக்கு என்ன தெரியும், இருந்ததைப் போட்டது.

"யார் கை இது?" என்றார் கிராஃப் சார். அவர் குரலில் கோபம் இல்லை, சந்தோஷம்.

"எங்க அத்தை, சார்."

"அவங்களைக் கேட்டியா?"

கத்தரி பின்னலை முன்னால் இழுத்து நுனியைத் திருகினாள்.

கேட்பதாவது. போட்டோ என்றாலே அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறவள் அவள் மாமியார். கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் மாப்பிள்ளையின் அம்மா என்று ஒரு தோளும் பாதிக் காதும்தான் கிடைக்கும். ஏன் என்று கேட்டால், "மூக்கு மட்டும்தான் விழும், எதுக்கு" என்பாள். அப்படிப்பட்டவளின் கை நேற்றிலிருந்து ஊரார் வீட்டு டிவியில் எல்லாம் துணி மடித்துக்கொண்டிருக்கிறது. அதே டிவி முன்னால்தான் அவளும் இப்போது உட்கார்ந்திருக்கிறாள்.

உடனே எடுத்துவிடச் சொன்னாள் கத்தரி. இன்று ஓடவேண்டியவை எல்லாம் காலையிலேயே ஒளிபரப்புக்குக் கிளம்பிப் போய்விட்டன, சாயங்காலம்தான் மாற்ற முடியும் என்றார் கிராஃப் சார். பிறகு கோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"அவங்க சரின்னு சொன்னா இன்னும் நாலு எடுத்துட்டு வா, இந்தச் சானல் பிழைச்சுக்கும். வேணாம்னு சொன்னா இன்னியோட எடுத்துடுவோம், நான் மேல பேசிக்கிறேன். ஆனா நீயே நேரா கேளு. கேட்காம எடுத்தது தப்பும்மா."

தப்பு என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. சானலைப் பற்றிய கவலையைவிட, நாளைக் காலையில் அந்த விரல்கள் தன் தலையைத் தொடுமா என்ற கவலைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

கணவனுக்குப் போன் செய்தாள். அவன் எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தான், பிறகு அவள் குரலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினான். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய் எப்படியாவது நெட்டைத் துண்டித்துவிடுவதாகச் சொன்னான். அதற்குள் அந்தக் கைகள் டிவியில் வரவேண்டாம் என்று அவள் கும்பிடாத சாமி இல்லை.

மதியம் அவனே கூப்பிட்டான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நெட்டில் மின்சாரம் கசிகிறது, நெட் பெட்டியை அணைக்கவேண்டும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். "ஷாக் அடிச்சா எனக்குத்தானே அடிக்கும், நீ சாப்பிட்டுக் கிளம்பு" என்று அம்மா அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கிறாள்.

"பார்த்துட்டாங்களா?" என்றாள் கத்தரி.

"தெரியல. ஆனா ஒண்ணு. துவைச்ச துணி எல்லாம் சோபாவுல அப்படியே குவிஞ்சு கிடக்கு. அம்மா ஒண்ணைக்கூட மடிக்கல."

*

கல்யாணமாகி வந்த ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் துணி மடிக்காமல் கிடந்ததைக் கத்தரி பார்த்ததில்லை. அன்று சீக்கிரமே கிளம்பி வீட்டுக்குள் நுழைந்தபோது, குவியல் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் மாமியார், டிவியை முறைத்துப் பார்த்தபடி.

"அத்தை..."

"உஷ். உட்காரு."

உட்கார்ந்தாள். தொடரில் மூத்த மருமகள் பீரோவிலிருந்து எடுத்த நகைப்பெட்டியோடு நடுக்கூடத்தில் நின்று எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். குடும்பமே தலைகுனிந்து நின்றது. மாமியாருக்கு மிகவும் பிடித்த கட்டம். அவள் முகத்திலோ எரிச்சல்.

"இவ எப்ப வாயை மூடுறது," என்று முனகினாள்.

திரையில் மூத்த மருமகளின் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. வெட்டு. விளம்பரம். ஒரு சோப்பு நுரைத்துக்கொண்டு வந்தது. மாமியார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். சோப்புக்குப் பின்னால் ஒரு காப்பீடு. அதற்குப் பின்னால் நகைப்பெட்டியோடு மூத்த மருமகளே திரும்பி வந்துவிட்டாள்.

"சே. நடுவுல நடுவுல வந்து தொலையுது இந்தத் தொடர்."

கத்தரிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மெதுவாக, எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

மாமியார் திரும்பிப் பார்த்தாள். "என் கைக்குத்தான். காலையில ரெண்டு தடவை வந்துது. அப்புறம் வரவே காணோம்."

இனி மறைக்க ஒன்றும் இல்லை. கத்தரி எல்லாவற்றையும் சொன்னாள். எடுத்ததை, இடம் பிடித்து வைத்ததை, மறந்ததை. மாமியார் கேட்டுக்கொண்டே குவியலிலிருந்து ஒரு துணியை இழுத்தாள், மடிக்காமல் கீழே வைத்தாள்.

"முதல்ல யாரோன்னு நினைச்சேன். அப்புறம் அந்த நீலத் துண்டைப் பார்த்தேன். நம்ம வீட்டுத் துண்டு. அப்புறம்தான் கை." டிவி சத்தத்தைக் குறைத்தாள். "கேட்டிருக்கலாம்ல."

"மாட்டேன்னு சொல்லிடுவீங்கன்னு..."

"சொல்லித்தான் இருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்."

கத்தரி தலையைக் குனிந்துகொண்டாள். தொடரில் இருந்த குடும்பமும் இன்னும் தலைகுனிந்துதான் நின்றது. இரண்டு வீட்டிலும் ஒரே கட்டம்.

"தப்புதான் அத்தை. இன்னியோட எடுத்துடுவாங்க. இனிமே கேட்காம உங்க நிழலைக்கூட எடுக்க மாட்டேன்."

"எடுத்துடுவாங்களா?" மாமியாரின் குரல் மாறியது. "யாரு எடுக்கச் சொன்னது? நான் சொன்னேனா? எனக்கு வருத்தம் அது மட்டும் இல்ல. வீட்டுல எத்தனை நல்ல துண்டு இருக்கு. ஓரம் பிசிறு பிசிறா தொங்குற அந்த நீலத் துண்டையா ஊருக்கே காட்டுவ? பார்க்கிறவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

கத்தரி தலை நிமிர்ந்தாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலில் ஒரு வெட்கம் இருந்தது. பிறகு, தன்னோடு பேசுகிறவள்போல, மெல்லச் சொன்னாள்.

"நாள் பூரா இதைத்தான் செய்யறேன். ஒருநாளும் நின்னு பார்த்ததில்ல. அதுல பார்க்கிறப்ப... அழகாத்தான் இருக்கு, இல்ல?"

"ரொம்ப அழகு அத்தை. இடைவேளையில எழுந்து போறவங்க எல்லாம் போகாம உட்கார்ந்து பார்க்கிறாங்களாம்."

"போகாமயா? விளம்பரத்துக்கு?"

சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று கத்தரிக்குத் தோன்றியது. கிணறு தாண்டுகிறவள் பாதி தாண்டி நிற்க முடியாது. எந்த இடத்தில் தொடரை வெட்டி விளம்பரம் போடுவது என்று தீர்மானிக்கிற அந்தப் படுபாவி, நான்தான் என்றாள்.

மாமியார் அவளையே பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"அப்போ நான் இத்தனை நாளா திட்டினது..."

"என்னைத்தான்."

"வயிறு உப்பச் சொன்னது?"

"என்னைத்தான் அத்தை."

"மணிக்கட்டு..." என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தரியின் வலது கையைப் பிடித்து இழுத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி. முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? என் வாக்கு பலிச்சிடும்னு உனக்குத் தெரியாதா? நானே சாபம் விட்டு நானே தைலம் தேய்ச்சிருக்கேனே."

அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. வேலை முடிந்து பயந்துகொண்டே கதவைத் திறந்த லிஃப்ட் மெக்கானிக், சோபாவில் துணிக் குவியலில் சாய்ந்து இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பதைப் பார்த்து, தான் வேறு வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று ஒருமுறை கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டான்.

"வாடா. நெட்டுல மின்சாரம் கசியுதுன்னு சொன்னவனே. உன் பொண்டாட்டி உண்மையை மறைச்சா, நீ அதுக்கு மேல பொய்யைச் சொல்ற. நல்ல ஜோடி. போய் டீ போடு."

அவன் சமையலறைக்குள் மறைந்தான். அன்றைக்கு டீ போடச் சொன்னதை வரமாகவே எடுத்துக்கொண்டான்.

சம்மதத்துக்கு மாமியார் போட்ட நிபந்தனைகள் சாதாரணமானவை அல்ல. நீலத் துண்டு கூடாது. கை மட்டும், மூக்குத் தெரியக்கூடாது. எடுக்கும்போது பின்னால் குக்கர் விசில் வரக்கூடாது, அதில் என்ன வேகிறது என்று ஊரார் யோசிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பீரோவைத் திறக்கிற நேரத்தில் இனிமேல் வெட்டக்கூடாது.

"திறந்தப்புறம் வெட்டு. உள்ள என்ன இருக்குன்னு காட்டிட்டு வெட்டு. அப்ப நாங்க ஏன் போகப்போறோம்? அதை யாருக்கு யாரு வச்சாங்கன்னு பேசிக்கிட்டு இருப்போம்ல."

கத்தரி இதை மனதில் குறித்துக்கொண்டாள். நல்ல யோசனைதான்.

"திரும்பு. பின்னல் அவிழ்ந்து கிடக்கு," என்றாள் மாமியார். கத்தரி திரும்பி உட்கார்ந்தாள். விரல்கள் தலையில் இறங்கின. கண் தானாக மூடிக்கொண்டது.

பின்னி முடித்த கையோடு மாமியார் குவியலை இழுத்தாள். காலையிலிருந்து விட்டுப்போன வேலை. துண்டுகள் மூன்றாக மடிந்தன, ஓரம் உள்ளே போனது, புறங்கை தடவியது, இரண்டு தட்டு. இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கத்தரி கேட்டாள்.

"எங்கம்மாதான். சாயங்காலமானா எங்களை உட்காரவச்சு..." மாமியாரின் கை ஒரு நொடி துண்டின் மேலேயே நின்றது. "என்னை உட்காரவச்சு சொல்லிக் குடுத்தா. தட்டாம வச்சா துணி தூங்காதும்பா."

சொல்லிவிட்டு அவசரமாக எழுந்து, குவியலின் அடியில் கிடந்த பெரிய போர்வையை உருவினாள்.

கத்தரியின் போன் அடித்தது. கிராஃப் சார். சம்மதம் கிடைத்த செய்தியைச் சொல்லும் ஆவலோடு பால்கனிக்குப் போனாள். அவள் சொன்னதற்கு அவர் நல்லது என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் வழக்கமான கோடு இல்லை.

"ஒரு அம்மா காலையிலேர்ந்து ஆபீசுக்குப் போன் பண்ணிட்டே இருக்காங்க. புகார்னு நினைச்சு யாரும் சரியா கேட்கல. இப்ப நான்தான் பேசினேன். துண்டு மடிக்கிறவங்க நல்லா இருக்காங்களா, அதை மட்டும் சொல்லுங்கன்னு அழறாங்க."

"யாரு சார்?"

"அப்படி ஓரத்தைச் சொருகி ரெண்டு தட்டு தட்டுறது உலகத்துலேயே ரெண்டு பேர்தானாம். ஒண்ணு அவங்களாம். இன்னொண்ணு, அவங்க அக்காவாம்."

"எங்க அத்தைக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையே சார்."

"நானும் அதான் யாருன்னு தெரியாம எதுவும் சொல்லல. நம்பரை வாங்கி வச்சிருக்கேன். என்ன சொல்லட்டும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். 'எங்களை' என்று தொடங்கி 'என்னை' என்று திருத்திக்கொண்ட குரல் இன்னும் காதில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நடுக்கூடத்தில், மாமியார் போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தாள். மற்ற இரண்டு முனைகளும் எதிரில் தரையில் கிடந்தன.

"எங்கேம்மா போய்ட்ட? சீக்கிரம் வா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இது ஒத்தை ஆளு மடிக்கிறதா? அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லாம நான் எவ்வளவு நாளா தவிக்கிறேன்."